நல்ல குறவுண்டு

உலகம்மை ஒரு நாளைக்கு மூன்று தடவை எடை பார்ப்பாள். எழுந்ததும் ஒன்று, டூட்டிக்குக் கிளம்பும்போது காக்கிச் சட்டையோடு ஒன்று, திரும்பி வந்து குளித்ததும் ஒன்று. வாரத்துக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பொன்முடி பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டராக நிற்கிறவளிடம் யார் சொல்லி எடுபடும்? வண்டி நிறைய ஆட்கள் கத்தினாலும் தனக்குத் தோன்றும்போதுதான் மணியை அடிப்பாள்.

அந்த ஐப்பசிக் காலையில் அவள் புருஷன் கோமதிநாயகம் முகத்தில் சோப்பு நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றிருந்தார். கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் இரண்டு அறை வீடு. தம்பானூரில் ஒரு லாட்ஜில் அவருக்குப் பகல் நேர ரிசப்ஷன் வேலை, எட்டரைக்குள் கிளம்ப வேண்டும். உள்ளறையில் அவள் எடை மெஷினில் ஏறுகிற சத்தம் கேட்டது. இறங்கினாள். மறுபடி ஏறினாள். அவருடைய சவரக் கத்தி கன்னத்திலேயே நின்றுவிட்டது.

"எவ்வளவு?" என்றார்.

"எம்பத்தி மூணு இருநூறு."

"நேத்து?"

"நேத்து எம்பத்திரண்டு. போன வாரம் எம்பது. சஷ்டிக்கு முந்தி எழுபத்தொம்பது." கதவைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். முகம் உப்பி, கண் இரண்டும் சிறுத்திருந்தன. "ஏறுது. திரும்ப ஏறுது. ஆறு நாளு பச்சத்தண்ணி பல்லுல படாமக் கிடந்தேன். அதுக்கப்புறமும் அரை வயிறுகூட இல்ல. பின்னெ எங்கேருந்து ஏறுது?"

"தண்ணியா இருக்கும்" என்று சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னார். எவ்வளவு சரியாகச் சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு அப்போது தெரியாது.

அவளுக்கு ஒரே பயம்தான். பழைய உடம்பு திரும்பி வந்துவிடும் என்ற பயம். அவருக்கு வேறு பயம். இவளே இல்லாமல் போய்விடுவாளோ என்பது. அந்தப் பயம் பதினெட்டு நாளாக அவர் வயிற்றில் கிடந்தது, ஒரு போன் வந்த நாளிலிருந்து. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பழைய உடம்பு என்றால் நூற்றி இருபத்தொரு கிலோ. அந்த உடம்போடு அவள் தள்ளுமுள்ளான பஸ்ஸில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை போய் டிக்கெட் கொடுத்தாள். யாராவது கேலி பேசுவதற்கு முந்திக்கொண்டு தானே பேசிவிடுவாள். "வழி மாறு மோனே, டபுள் டெக்கர் வருன்னு!" என்று மலையாளத்தில் வழி விடச் சொல்லி அவள் குரல் கொடுத்தால் பஸ்ஸே சிரிக்கும். வீட்டுக்கு வந்து முட்டியில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதை கோமதிநாயகம் மட்டும்தான் பார்ப்பார். சர்க்கரை, பிரஷர், இரண்டு வேளை இன்சுலின். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். அவர் விழித்துக்கொண்டு அடுத்த மூச்சுக்காகக் காத்துக் கிடப்பார்.

போன வருஷம் பொன்முடி வழியில் கல்லாற்றில் டீ குடிக்க வண்டி நின்றபோது, படியில் முட்டி மடங்கி விழுந்தாள். நாலு ஆண்கள் சேர்ந்து தூக்கினார்கள். பாதி தூக்கியவர்கள் கனம் தாங்காமல் மறுபடி கீழே விட்டுவிட்டார்கள். டூரிஸ்டு ஒருவன் அதை வீடியோ எடுத்துப் போட்டான். அது ஊரெல்லாம் சுற்றி, கொச்சியில் வேலை பார்க்கிற மகள் மீனுவின் போனுக்கே போய்ச் சேர்ந்தது. உலகம்மை மூன்று நாள் யாரோடும் பேசவில்லை. நாலாம் நாள் ஆபரேஷன் செய்கிற ஆஸ்பத்திரி எது என்று தானே விசாரித்துக்கொண்டு வந்தாள்.

வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைக்காய் அளவுக்குத் தைத்து வைக்கிற ஆபரேஷன். பொங்கல் கழிந்த மறு வாரம் நடந்தது. அதன் பிறகு சாப்பாடு என்பது கப்புக் கணக்கு. அதிலும் சோறு கடைசி, புரதம்தான் முதல். ஒரு நாளைக்கு அறுபது கிராம் புரதம் உள்ளே போயே ஆக வேண்டும் என்றாள் ஆஸ்பத்திரியின் டயட்டீஷியன் ஆர்யா. இவர்களோ சைவப் பிள்ளைமார். முட்டை வீட்டுக்குள் வந்ததில்லை. கடைசியில் பனீர், பயறு, தயிர், அதோடு தினம் மூன்று வேளை புரதப் பொடி என்று பேசி முடித்தார்கள்.

மலையாளம் பேசுகிற இந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. காய்ச்சலோ இருமலோ வந்தவரைப் பார்க்கப் போனால் 'எப்படி இருக்கு' என்று கேட்பதில்லை. 'குறவுண்டோ?' என்றுதான் கேட்பார்கள். குறைந்திருக்கிறதா என்று அர்த்தம். 'குறவுண்டு' என்று பதில் வந்தால் தேவலை, பயப்பட ஒன்றுமில்லை. தமிழ் வீடுகளிலும் இதே பேச்சுதான். பிறந்ததிலிருந்து 'கூடுதல்' என்ற சொல்லையே கேட்டு வளர்ந்த உலகம்மைக்கு, ஆபரேஷனுக்குப் பிறகு இந்தக் 'குறவு' தேனாக இனித்தது.

மாதா மாதம் ரத்தம் எடுத்த மறுநாள் சாயங்காலம் ஆர்யா கூப்பிடுவாள். கோமதிநாயகத்துக்கு ஒரு காது மந்தம், அதனால் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவார். பரீட்சை ரிசல்ட் கேட்கிற மாதிரி இரண்டு பேரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். "வெயிட் குறவுண்டு சேச்சி. சுகர் குறவுண்டு." இரண்டாம் மாதமே இன்சுலின் நின்றது. சி.ஆர்.பி. என்று ஒரு புரதம், உடம்புக்குள் புகைந்துகொண்டிருக்கிற அழற்சியைக் காட்டுவது. அது பதினாலில் இருந்து மூன்றுக்கு வந்தது. "அதும் குறவுண்டு!" ஒவ்வொரு குறவுக்கும் உலகம்மை மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவாள். கோமதிநாயகத்துக்குக் கண் கலங்கும்.

அவருக்கும் பெருமை இருந்தது, அதை மறைப்பானேன்? ஆவணியில் நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்குப் போனார்கள். "என்ன கோமதி, ரெண்டாங் கல்யாணமா, சொல்லவே இல்லியே" என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். திரும்பி வருகிற வழியெல்லாம் அவர் சிரித்துக்கொண்டே வந்தார். உலகம்மை ஜன்னல் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அந்தச் சிரிப்பு ஓயாததால்தானோ என்னவோ, சில விஷயங்களை அவர் பார்த்தும் பார்க்காமல் விட்டார். குளியலறை வடிகாலில் கொத்துக் கொத்தாக முடி. புரட்டாசியில் ஒரு நாள் கழுவுகிற தொட்டியில் வெள்ளையாக ஏதோ சுழன்று இறங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தார். கரைத்த புரதப் பொடி. உலகம்மையின் கப்பு காலியாகப் பக்கத்தில் கவிழ்ந்திருந்தது. ஜிம்முக்குப் போகிற பயல்கள் உடம்பு ஏற்றக் குடிக்கிற பொடி இது, இதைக் குடித்தால் நான் என்ன ஆவேன் என்று அவள் முன்பே ஒரு தடவை முணுமுணுத்தது ஞாபகம் வந்தது. குழாயைத் திறந்து மிச்ச வெள்ளையையும் கழுவி விட்டுவிட்டு லாட்ஜுக்குப் போனார்.

பிறகுதான் அந்தப் போன் வந்தது. சஷ்டி விரதம் தொடங்க நாலு நாள் இருந்தது. அவர் அடுக்களையில் பால் விடாத கட்டன் சாயா போட்டுக்கொண்டிருந்தார். தையல்காரரிடம் இடுப்புப் பிடித்து வாங்கிய காக்கிச் சட்டையைப் போட்டுப் பார்க்க உலகம்மை உள்ளறைக்குப் போயிருந்தாள். அங்கே மின்விசிறி சத்தமாக ஓடியது. சாயாவை இறக்கிக்கொண்டே அவர் போனை எடுத்து வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டார்.

"அங்கிளே, ரிப்போர்ட் வந்நு" என்றாள் ஆர்யா. "சுகர் குறவுண்டு. சி.ஆர்.பி.யும் குறவுண்டு. பக்ஷே ஆல்புமினும் நல்ல குறவுண்டு, கேட்டோ. திங்களாழ்ச்ச சேச்சியெ கூட்டி வரணம்."

பக்ஷே என்றால் 'ஆனால்'. ஐம்பத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் இருப்பவருக்கு அது தெரியாதா? 'நல்ல மழை' என்றால் பலத்த மழை என்பதும் எந்தத் தமிழனுக்கும் தெரியும். ஆர்யாவின் குரலில் வழக்கமான துள்ளல் இல்லை என்பதும் அந்த மந்தக் காதுக்கே கேட்டது. "சரி மோளே" என்று சொல்லி வைத்துவிட்டுத் திரும்பினார். வாசலில் உலகம்மை நின்றிருந்தாள். சட்டை அவளுக்கு அளவெடுத்த மாதிரி பொருந்தியிருந்தது. கல்யாணமான இருபத்தாறு வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை.

"என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"எல்லாம் குறவுண்டாம்" என்றார் கோமதிநாயகம். "சுகர், சி.ஆர்.பி., பின்னெ என்னமோ ஆல்புமின்னு. அதும் நல்ல குறவுண்டாம்."

ஆர்யா சொன்னதில் ஒரே ஒரு சொல்லைத்தான் அவர் விட்டார். பொய் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆனால் மனசுக்குள் ஏதோ இடறியது. "திங்கக்கிழமை வரச் சொல்லுதா" என்று அதையும் சேர்த்துக்கொண்டார்.

"திங்கக்கிழமையா? சஷ்டி தொடங்கிருமே. அது கழிஞ்சு பாப்போம்" என்றாள் அவள். அவருக்கு ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது. அதற்காக அன்றைக்கே வெட்கப்பட்டார். கூகிளில் பார்க்கலாம் என்று போனை எடுத்து 'ஆல்' என்று இரண்டு எழுத்து அடித்துவிட்டு அணைத்து வைத்தார். ஆர்யா அதற்குப் பிறகு இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் "சேச்சிக்கு சுகமாணு, விரதம் கழிஞ்ஞு வராம்" என்று சொல்லி வைத்தார்.

விரதம் முருகனுக்குத்தான். ஆனால் அதன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு எடையைக் குறைக்கப் பார்க்கிறாள் என்பது கோமதிநாயகத்துக்குத் தெரியும். விரதம் என்று சொல்லிவிட்டால் வீட்டில் யார் மறுத்துப் பேசுவார்கள்? காலையில் அரை டம்ளர் பால், சாயங்காலம் இரண்டு துண்டு பழம். பொடி டப்பாவை மேல் தட்டில் ஏற்றி வைத்துவிட்டாள். ஆறு நாளும் லீவு போடாமல் பொன்முடிக்குப் போய் வந்தாள். ஏழாம் நாள் மெஷினில் ஏறினால், எடை ஒரு கிலோ கூடியிருந்தது.

அன்றைக்குப் பிடித்தது சனியன். கூடக் கூட அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். குறைக்கக் குறைக்க எடை கூடியது. செருப்பு வார் பாதத்தில் அச்சாகப் பதிந்தது. வளையல் இறங்க மறுத்தது. முந்தா நாள் மீனு வீடியோ காலில் வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"அம்மேட முகத்துக்கு எந்து பற்றி? என்ன ஆச்சு, வீங்கி இருக்கே!" என்றாள்.

உலகம்மை போனை அணைத்து மேஜையில் கவிழ்த்தாள். "பிள்ளைக்கே தெரிஞ்சிட்டு" என்று அழுதாள். "நான் தடிச்சிட்டேன். பழையபடி ஆயிட்டேன்." அன்றைக்கு முழுக்க அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. கோமதிநாயகம் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, தூக்கம் சரியில்லை, அதான் என்றார். எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியாயிற்று என்று அவருக்கே கணக்கு மறந்துபோனது.

இப்போது எண்பத்தி மூன்று இருநூறு. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தபோது உலகம்மை கட்டிலில் உட்கார்ந்து, ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால் உள்ளே போகவில்லை.

"கொஞ்சம் பிடிங்க" என்றாள். அதைச் சொல்வதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

அவர் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் காலைப் பிடித்தார். முழங்காலுக்குக் கீழே, எலும்புக்கு மேல், அவருடைய கட்டைவிரல் பதிந்த இடத்தில் ஒரு பள்ளம் விழுந்தது. கையை எடுத்தார். பள்ளம் அப்படியே இருந்தது. பிசைந்து வைத்த மாவில் விரல் வைத்த மாதிரி, மேலே எழும்பாமல் இருந்தது. பத்து வரை எண்ணினார். இருபது வரை எண்ணினார். கொழுத்த கால் இப்படி இருக்காது. இருபத்தாறு வருஷம் எண்ணெய் தேய்த்துவிட்ட கால், அது எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

வாசலுக்குப் போய் ஆர்யாவைக் கூப்பிட்டார். முகம் உப்பியது, கால் குழிந்தது, மூச்சு வாங்குவது, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னார்.

"அங்கிள், ஞான் அன்னே பறஞ்ஞதல்லே?" என்றாள் ஆர்யா. "இப்போ தன்னெ கொண்டு வா. ஒட்டும் வைகண்டா."

அன்றைக்கே சொன்னேனே, இனி கொஞ்சமும் தாமதிக்க வேண்டாம் என்கிறாள். உள்ளே வந்து, "டூட்டிக்குப் போகண்டாம். எடை ஏன் ஏறுதுன்னு டாக்டர் பாக்கணுமாம்" என்றார். வேறு எதற்காகக் கூப்பிட்டிருந்தாலும் அவள் மறுத்திருப்பாள். இதற்கு உடனே எழுந்து சேலையை மாற்றிக்கொண்டாள். ஆட்டோவில் போகும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஹரிகுமார் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவரும் அதே இடத்தில் விரலை வைத்து அமுக்கினார், அதே பள்ளத்தைப் பார்த்தார். ரத்தம் எடுத்து இரண்டு மணி நேரத்தில் எண் வந்தது. ஆல்புமின் மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. உலகம்மைக்கு இரண்டு புள்ளி ஒன்று.

அவர் மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். ரத்தத்துக்குள் தண்ணீரைப் பிடித்து வைப்பது இந்த ஆல்புமின் என்கிற புரதம்தான். அது குறைந்துபோனால் தண்ணீர் கசிந்து காலிலும் முகத்திலும் போய் நிற்கும். மெஷினில் ஏறியது முழுக்க அந்தத் தண்ணீர், ஒரு கிராம்கூடக் கொழுப்பில்லை. உண்மையில் சேச்சி இன்னும் மெலிந்துகொண்டேதான் இருக்கிறார். சாப்பிடாததால் உடம்பு தன் தசையையே தின்ன ஆரம்பித்துவிட்டது. இதயமும் ஒரு தசைதான் என்று சொல்லிவிட்டு நிறுத்தினார். இப்படியே போனால் நெஞ்சுக்குள் நீர் கோர்க்கும், உயிரைக் கொண்டுபோக ஒரு சாதாரணக் கிருமி போதும். "எந்தே நேரத்தே வராஞ்ஞது?" என்று கடைசியில் கேட்டார். ஏன் முன்பே வரவில்லை?

கோமதிநாயகம் தரையைப் பார்த்தார். உலகம்மையும் தரையைத்தான் பார்த்தாள்.

அட்மிஷன் போட்டார்கள். ஒரேயடியாக ஊட்டினாலும் ஆபத்தாம், அதனால் மணிக்கு ஒரு தடவை முப்பது மில்லி புரதக் கரைசல், அளந்து அளந்து. ஆல்புமின் தேற வாரக்கணக்காகும். அதற்கு முன்னால் நாலைந்து நாளிலேயே போக்கைக் காட்டிவிடுகிற இன்னொரு புரதம் உண்டு, ப்ரீஆல்புமின் என்று பெயர். வெள்ளிக்கிழமை அதைப் பார்ப்போம் என்றார் டாக்டர். அது ஏறியிருந்தால் சேச்சியின் உடம்பு திரும்புகிறது என்று அர்த்தம். ஏறாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய், அதுவும் பலிக்காவிட்டால் ஐ.சி.யு.

திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் உலகம்மை பேசாமல் படுத்திருந்தாள். ஆர்யா கப்பைக் கொண்டு வந்தால் வாங்கிக்கொள்வாள், வாயில் ஊற்றிக்கொள்வாள், தலையாட்டுவாள். ஆர்யாவும் திருப்தியாகச் சார்ட்டில் குறித்துக்கொண்டு போவாள். டாக்டர் அத்தனை விளக்கிச் சொன்னது அவள் காதில் ஏறியதா என்றே கோமதிநாயகத்துக்குத் தெரியவில்லை. தண்ணீர், தசை, கொழுப்பு என்று புத்தி புரிந்துகொண்டிருக்கலாம். கல்லாற்றில் கீழே விழுந்த உடம்பு அதை நம்ப வேண்டுமே.

புதன்கிழமை மத்தியானம் மீனு கொச்சியிலிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி அனுப்பியிருந்தாள். கோமதிநாயகம் கட்டிலுக்கு அந்தப் பக்கம் கிடந்த துண்டை எடுத்து மடிக்கப் போனார். துண்டு கனத்தது. ஈரம். முகர்ந்து பார்த்தார். வெனிலா வாசனை. காலையிலிருந்து ஆர்யா அளந்து கொடுத்ததெல்லாம் துண்டுக்குள் இருந்தது. முந்தின இரண்டு நாளும் இப்படித்தான் போயிருக்கும்.

உலகம்மை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். ஆனால் விழித்திருந்தாள், முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

அவருக்கு அந்தத் துண்டைக் கொண்டுபோய் அலசிப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. கை அதற்குத்தான் பழகியிருந்தது. இரண்டு அடி குளியலறைப் பக்கம் நடக்கவும் செய்தார். பிறகு திரும்பி வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, துண்டை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஏட்டி" என்றார். "புரட்டாசியிலே நீ பொடியைத் தொட்டியிலே கொட்டுனதை நான் பாத்தேன். பாத்துட்டு கழுவி விட்டேன்."

அந்த ஈரத் துண்டை இன்னொரு மடிப்பு மடித்தார்.

"முடி கொட்டுனதும் பாத்தேன். சஷ்டி எதுக்குப் பிடிக்கேன்னும் தெரியும். ஆர்யா ரெண்டு வாட்டி விளிச்சா, நான்தான் சுகம்னு சொல்லி வச்சேன். அன்னைக்கு ரிப்போர்ட் வந்தப்போ எல்லாம் குறவுண்டுன்னு சொன்னேன் அல்லே? அவ அப்படிச் சொல்லல. 'பக்ஷே'ன்னு சொன்னா. பக்ஷே ஆல்புமின் குறவுண்டுன்னு. அந்தச் சொல்லை நான் விட்டுட்டேன். நீ சிரிச்சுக்கிட்டு நின்னே. எனக்கு மனசு வரல. உன்னைக் கொல்லப் பாத்துட்டேன் உலகு."

வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் போன பிறகு உலகம்மை பேசினாள், சுவரைப் பார்த்தபடியே.

"ஸ்பீக்கர்லதானே போட்டிருந்தீங்க" என்றாள். "நானும் கேட்டேன்."

அவருக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று.

"தெனமும் மலையாளத்துல ஆயிரம் பேரோட மல்லுக்கட்டுகவ நான். எனக்குப் பக்ஷே தெரியாதா? கேட்டுட்டுதான் வெளிய வந்தேன். நீங்க என்ன சொல்லுதீங்கன்னு பாக்கத்தான் கேட்டேன்." மெதுவாகத் திரும்பிப் படுத்தாள். வீங்கிய முகத்தில் கண்ணீர் குறுக்காக ஓடிக்கொண்டிருந்தது. "நீங்க அந்தச் சொல்லை விட்டுட்டீங்க. அப்போ உங்களுக்கும் இந்த உடம்பு போதும், அதுக்குள்ள நான் இருந்தாலும் சரி, இல்லாட்டாலும் சரின்னு நெனச்சேன். போகட்டும்னு நானும் விட்டேன். சொல்லியிருந்தீங்கன்னா வந்திருப்பேன். சத்தியமா வந்திருப்பேன்."

இல்லை, அப்படி இல்லை என்று சொல்ல கோமதிநாயகம் வாயைத் திறந்தார். நாகர்கோவில் கல்யாணத்திலிருந்து சிரித்துக்கொண்டே வந்தது ஞாபகம் வந்தது. பாதிப் பொய்யே இத்தனை தூரம் கொண்டுவந்து விட்டிருக்கும்போது, முழுப் பொய் வேறு எதற்கு?

"பிடிச்சிருந்தது" என்றார். "உன்னைக் கூட்டிக்கிட்டு நடக்க எனக்கு ஆசையா, கொதியா இருந்தது. இப்போ அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம். நீ இருந்தா மதி, அது போதும்."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மன்னித்தாள் என்றோ மன்னிக்கவில்லை என்றோ அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. பஸ்ஸில் ஆளை எடைபோடுகிற பார்வைதான் அது, இவன் டிக்கெட் எடுத்தவனா எடுக்காதவனா என்று.

இரண்டு மணிக்கான கப்பை ஆர்யா கொண்டு வந்து வைத்துவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனாள். உலகம்மை கையூன்றி எழுந்து உட்கார்ந்தாள். கப்பை எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து வாய்வரை கொண்டுபோய் மறுபடி இறக்கினாள். முப்பது மில்லிக்கு இவ்வளவு பயப்படுகிற மனுஷியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது.

"இங்கேயே இருங்க" என்றாள் அவரிடம். "நான் துப்புனா ஆர்யாகிட்டச் சொல்லணும். என் மூஞ்சியைப் பாக்கண்டாம். நான் அழுதாலும் சரி, சிரிச்சாலும் சரி, சொல்லிரணும்."

"சொல்லுதேன்."

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயில் ஊற்றினாள். கன்னம் உப்பியது. அப்படியே இருந்தாள். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். தொண்டை ஒரு தடவை ஏறி இறங்கியது. அவருக்கு அது போதவில்லை.

"வாயைத் திற" என்றார் கோமதிநாயகம். இருபத்தாறு வருஷத்தில் அவளிடம் அவர் அந்தக் குரலில் பேசியதில்லை. "நாக்கைத் தூக்கு. நான் பாக்கட்டு."

உலகம்மை வாயைத் திறந்தாள், நாக்கைத் தூக்கினாள். அவர் ஜன்னல் வெளிச்சத்துக்கு அவள் முகத்தைத் திருப்பிப் பிடித்து, குனிந்து, இரண்டு கன்னத்துக்குள்ளும் பார்த்தார். வாய் காலியாக இருந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது, மூன்று மணிக்கு அடுத்த கப்பு வரும். அவர் அவளுடைய முகத்தை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதார்.